புகையும் புன்னகையும்

ஆறு திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் முகம் புன்னகை செய்கிறது. முதலில் பார்ப்பவருக்கு அது இனிய வரவேற்பாகவே தோன்றும். சற்று நேரம் நின்று பார்த்தால் அந்த இனிமை மெல்ல விலகுகிறது. ஏனெனில் அந்தப் புன்னகை முடிவதே இல்லை. கன்னங்கள் சோர்கின்றன, உதட்டின் ஓரம் தளர்கிறது. உடனே ஓர் எச்சரிக்கை ஒலி எழுகிறது. அந்தப் பெண் தன்னைச் சுதாரித்துக்கொண்டு மீண்டும் புன்னகையைச் சரிசெய்துகொள்கிறாள்.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைஞர் கிறிஸ்டியன் மோலர் 2003-ஆம் ஆண்டில் உருவாக்கிய படைப்பு இது. இதன் பெயர் ‘சீஸ்’. மேலைநாட்டுப் புகைப்படக்காரர்கள் எதிரில் நிற்பவரைச் சிரிக்கவைப்பதற்காக உச்சரிக்கச் சொல்கின்ற அதே சொல்தான். நடிகைகள் ஆறு பேர் தங்களால் இயன்ற மட்டும், ஒன்றரை மணி நேரம் வரையிலும்கூட, புன்னகையை விடாமல் தாங்கி நிற்க வேண்டும். ஒரு கேமரா அவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். முகபாவங்களை அறிவதற்கென்று எழுதப்பட்ட ஒரு கணிப்பொறி நிரல், அந்த முகத்தில் எவ்வளவு மகிழ்ச்சி இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். அளவு குறைந்தால் மணி ஒலிக்கும். ‘இன்னும் உண்மையாகச் சிரி’ என்பது அதன் பொருள்.

உண்மையாகச் சிரிக்கும்படி ஒருவருக்கு ஆணையிட முடியுமா? சிரிக்கும்படி ஆணையிடலாம், அது நடந்துவிடும். உண்மையாக என்ற சொல் சேர்ந்தவுடன் ஆணை தன்னைத்தானே முறித்துக்கொள்கிறது. ஒரு மணி நேரமாகப் புன்னகைத்துக்கொண்டிருப்பவளிடம் உண்மையாக இருக்கக்கூடியது களைப்பு ஒன்றுதான். எதிரில் நிற்கும் பார்வையாளர் அனைவருக்கும் அது தெரிகிறது. அளக்கும் கருவிக்கு மட்டும் தெரியவில்லை.

கருவியைப் பார்த்து நகைத்துவிட்டுப் போய்விடுவது எளிது. ஆனால் அந்த எச்சரிக்கை மணியை மனிதன் கணிப்பொறியிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை. புகுந்த வீட்டில் முகம் வாடாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படும் மருமகளும், எட்டு மணி நேரம் நின்றபடி வாடிக்கையாளர்களை வரவேற்கும் துணிக்கடைப் பெண்ணும் அந்த மணியை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘என்ன, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய்?’ என்ற ஒரு வாக்கியம் போதும். மோலரின் படைப்பு அதை எந்திரத்தின் கையில் கொடுத்துக் கேட்கும்படிச் செய்தது, அவ்வளவே.

முகத்தைப் பார்த்து மனத்தை அறிந்துவிட முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது, அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது வெறும் உளவியல் கேள்வி அன்று. பிறரைப் பற்றிய தீர்ப்புகள் பெரும்பாலும் அந்த நம்பிக்கையின்மீதே நிற்பதால் அது தர்மத்தைப் பற்றிய கேள்வியும் ஆகிறது.

வலி அறியாத முகம்

பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862-இல் முகத்தின் தசைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மெல்லிய மின்சாரத்தை முகத்தின் குறிப்பிட்ட இடங்களில் செலுத்தி ஒவ்வொரு தசையையும் தனித்தனியே இயங்கச் செய்து, அதைப் புகைப்படமாக எடுத்தார். அதற்கு அவர் அதிகமாகப் பயன்படுத்தியது ஒரு முதியவரின் முகம். அந்த முதியவருக்கு ஒரு நோயினால் முகத்தில் உணர்ச்சி அற்றுப் போயிருந்தது. மின்சாரம் அவருக்கு வலிக்கவில்லை. அந்தப் படங்களில் ஒன்றில் அவர் முகம் நடுங்கவைக்கும் பேரச்சத்தைக் காட்டுகிறது. அவரோ எதையும் உணராமல் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்!

உதட்டை மேலே இழுக்கும் தசை மனிதனின் விருப்பத்துக்குக் கட்டுப்படும், கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சிக்கு மட்டுமே இயங்கும் என்று டுஷேன் கருதினார். கண்ணும் சேர்ந்து சிரிக்கும் புன்னகைக்கு இன்றளவும் அவர் பெயரே வழங்குகிறது. ‘சீஸ்’ படைப்பில் நடிகைகளிடம் கேட்கப்பட்ட உண்மையின் மூலம் இங்கேதான் இருக்கிறது.

டார்வின் 1872-இல் மனிதனும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதம் பற்றி நூல் எழுதியபோது டுஷேனின் படங்களை எடுத்துக்கொண்டார். அவற்றை இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம், எந்த விளக்கமும் சொல்லாமல் காட்டி, இந்த முகத்தில் என்ன உணர்ச்சி இருக்கிறது என்று கேட்டார். சில படங்களுக்கு எல்லோரும் ஒரே விடை கூறினர். வேறு சிலவற்றுக்கு ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லவில்லை. டார்வினின் நேர்மை இங்கே பாராட்டத்தக்கது. டுஷேனின் விளக்கத்தோடு சேர்த்துப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாப் படங்களும் தமக்குத் தெளிவாகத் தோன்றின என்றும், விளக்கம் இல்லாமல் பார்த்திருந்தால் மற்றவர்களைப் போலவே தாமும் திகைத்திருக்கக்கூடும் என்றும் அவர் ஒப்புக்கொண்டார். முகத்தில் கண்டதாக நினைத்தது உண்மையில் அருகிலிருந்த சொற்களிலிருந்து வந்தது!

பின்னர் 1960-களின் இறுதியில் பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் நியூகினித் தீவின் மலைவாழ் மக்களான ஃபோரே இனத்தவரிடம் சென்றார். ஒரு சிறு கதையைச் சொல்லி, கதைக்கு ஏற்ற முகத்தைச் சில படங்களிலிருந்து எடுக்கச் சொன்னார். பெரும்பாலும் மேலைநாட்டார் எடுத்ததையே அவர்களும் எடுத்தனர். அச்சத்தையும் வியப்பையும் மட்டும் அவர்கள் பிரித்துக் காணவில்லை. சில உணர்ச்சிகளின் முகம் மனித இனம் முழுவதற்கும் பொது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. 1978-இல் எக்மனும் ஃப்ரீசனும் முகத்தின் ஒவ்வொரு தசை அசைவுக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியல் வகுத்தனர். அந்தப் பட்டியல் அசைவுகளை மட்டுமே விவரித்தது. அசைவிலிருந்து உள்ளத்துக்குத் தாவியது பிறகு நிகழ்ந்த செயல். அந்தத் தாவலைத்தான் ஆராய வேண்டும்.

ஈர விறகு

நம் நாட்டுத் தர்க்க நூல்களில் அனுமானத்துக்கு என்றென்றும் சொல்லப்படும் உதாரணம் மலையும் புகையும். மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. இது செல்லுவதற்குக் காரணம், புகை எங்கே இருந்தாலும் அங்கே நெருப்பு இருந்தே தீரும் என்ற பிரியாத் தொடர்பு. இதற்கு வியாப்தி என்று பெயர். எந்த ஏது சில சமயம் துணிபொருளோடு சேர்ந்தும் சில சமயம் அது இல்லாமலும் காணப்படுகிறதோ, அதை நையாயிகர்கள் ‘ஸவ்யபிசாரம்’, அதாவது தவறிப்போகும் ஏது என்று விலக்கினர். ஏதுப் போலிகளில் அதையே முதலாவதாக வைத்தனர்.

புன்னகை எந்த வகையைச் சேர்ந்தது? மகிழ்ச்சி இல்லாமலும் புன்னகை உண்டு. துக்க வீட்டுக்கு வருபவரை வரவேற்கும்போதுகூட அது முகத்தில் வந்து போகிறது. புன்னகை இல்லாமலும் மகிழ்ச்சி உண்டு. லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நான்கு அறிஞர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் பரிசீலித்து 2019-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டனர். கோபம் கொண்ட மனிதன் முகத்தைச் சுளிப்பது சராசரியாக நூற்றுக்கு முப்பது முறைக்கும் குறைவு என்பது அதில் கண்ட செய்திகளுள் ஒன்று. கோபம் இல்லாதபோதும், ஆழ்ந்த கவனத்தில் இருக்கும்போதும், வயிறு சரியில்லாதபோதும் மனிதன் முகத்தைச் சுளிக்கத்தான் செய்கிறான்.

தர்க்க நூல்கள் இதற்கும் மேலே ஒரு படி செல்கின்றன. புகையிலிருந்து நெருப்பை ஊகிக்கலாம். நெருப்பிலிருந்து புகையை ஊகிக்கலாமா? கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. விறகு ஈரமாக இருந்தால்தான் புகை வரும். இந்த ஈர விறகுக்கு ‘உபாதி’ என்று பெயர். அதாவது, கண்ணில் படாமல் இடையில் நிற்கும் நிபந்தனை.

புன்னகைக்கும் ஈர விறகு உண்டா? உண்டு என்பதை ஒரு விளையாட்டுக்கூடம் காட்டியது. கனமான பந்தை உருட்டித் தொலைவில் நிற்கும் கட்டைகளை வீழ்த்தும் ‘பௌலிங்’ என்ற விளையாட்டை அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் கவனித்து 1979-இல் எழுதினர். எல்லாக் கட்டைகளும் ஒரே வீச்சில் விழும் கணத்தில் ஆடுபவனின் உள்ளத்தில் மகிழ்ச்சி பொங்க வேண்டும் அல்லவா? ஆனால் கட்டைகளைப் பார்த்து நிற்கும்வரை அவன் முகத்தில் புன்னகை அரிதாகவே தோன்றியது. அவன் திரும்பி நண்பர்களைப் பார்த்தபோதுதான் அது மலர்ந்தது. மகிழ்ச்சி நெருப்பு என்றால், நண்பனின் முகம்தான் ஈர விறகு. புன்னகை உள்ளத்திலிருந்து கசிந்து வெளியே வந்துவிட்ட அடையாளம் என்பதைவிட, ஒருவர் மற்றொருவருக்கு அளிக்கும் ஒன்று என்பதே பொருத்தம். தன்னை நோக்கி அளிக்கப்படாத ஒன்றை மூலையில் நின்று அளந்து, உள்ளத்தை அறிந்துவிட்டேன் என்று சொல்லும் கேமரா, பிறர் கடிதத்தின் உறையை மட்டும் நிறுத்துப் பார்த்துச் செய்தியை அறிந்துவிட்டதாகக் கூறுவதற்கு ஒப்பானது.

அப்படியானால் முகத்திலிருந்து எதுவுமே தெரியாதா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தாய் குழந்தையின் முகத்தை அறிகிறாள். தேர்ந்த செவிலி நோயாளி வாய் திறப்பதற்கு முன் அவரது வலியை அறிகிறார். நாட்டிய சாஸ்திரம் பார்வைகளை மட்டுமே முப்பத்தாறாக வகுத்திருக்கிறது. முகத்தை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த நூல் முகத்தைத் தனியே நிற்கவைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உணர்ச்சியை எழுப்பும் காரணமும் சூழலும் விபாவம். உடலிலும் முகத்திலும் தோன்றும் வெளிப்பாடு அனுபாவம். இடையில் வந்து போகும் துணை உணர்வுகள் வியபிசாரி பாவங்கள். இவை கூடும்போதுதான் ரஸம் பிறக்கிறது. சகுந்தலையின் கண்ணில் நீர் தளும்புவதைக் காணும் அவை, அவள் எங்கிருந்து புறப்படுகிறாள், யாரைப் பிரிகிறாள் என்பதையும் அறிந்திருக்கிறது. தாயும் செவிலியும் அறிவதும் இப்படித்தான். நேற்றைய இரவை அவர்கள் அறிவார்கள்.

கதை தெரியாதவர் கண்ணுக்கு முகம் என்ன ஆகிறது என்பதற்குக் காளியின் திருவுருவமே சான்று. சிவபெருமான்மீது கால் பதித்து, நாவை வெளியே நீட்டி நிற்கும் தேவியைக் காணும் வெளிநாட்டவர் பலர் அதில் சினத்தையும் இரத்த வேட்கையையும் காண்கின்றனர். உஷா மேனன், ரிச்சர்ட் ஷ்வேடர் என்னும் அறிஞர்கள் புவனேஸ்வரத்தின் கோயில் பகுதியில் வாழும் ஒரிய மக்களிடம் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டு, 1994-இல் அதைப் பற்றி எழுதினர். அங்கே பலர் கூறிய விடை லஜ்ஜை, அதாவது நாணம் என்பது. கணவன்மீது தன் கால் பட்டுவிட்டதை உணர்ந்த கணத்தில் தேவி நாவைக் கடித்துக்கொள்கிறாள். தவறு செய்துவிட்டதை உணரும்போது நாவைக் கடித்துக்கொள்வது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். ஒரே முகம். ஒருவர் அதில் அழிக்கும் வெறியைக் கண்டார். மற்றவர் அந்த வெறி அடங்கும் கணத்தைக் கண்டார்!

ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி கில்பர்ட் ரைல் இதே சிக்கலை ஓர் எளிய உதாரணத்தால் காட்டினார். இரு சிறுவர்களின் வலது கண் இமை ஒரே மாதிரி மூடித் திறக்கிறது. ஒருவனுக்கு அது வெறும் துடிப்பு. மற்றவன் தன் தோழனுக்கு ரகசியமாகச் சாடை காட்டுகிறான். புகைப்படத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வாழ்க்கையிலோ இரண்டுக்கும் இடையே பெரும் தூரம்.

கண்ணாடியிடம் கேட்பவர்

கேட் க்ராஃபோர்ட், ட்ரெவர் பாக்லன் இருவரும் 2019 செப்டம்பர் முதல் 2020 பிப்ரவரி வரை மிலான் நகரில் ஒரு கண்காட்சி நடத்தினர். முகங்களை அறியக் கணிப்பொறிக்குப் பாடம் கற்பிப்பதற்காகத் திரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான புகைப்படங்கள் அங்கே சுவரில் இருந்தன. அறையில் ஓரிடத்தில் பார்வையாளர் தம்மையே திரையில் காணலாம். அவரது முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் தோன்றி, இவருக்கு இத்தனை வயது, இன்ன பால், இன்ன உணர்ச்சி என்று அறிவிக்கும். பிரிட்டனைச் சேர்ந்த கேரன் பாமர் ‘ரயட்’ என்ற பெயரில் ஒரு திரைப்படம் அமைத்தார். 2014-இல் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் நிகழ்ந்த கலவரம் அதற்குத் தூண்டுகோல். பார்ப்பவர் திரையின் முன் நிற்க, எதிரில் கலவரமும் போலீஸும். அவர் முகத்தில் கருவி காண்பது அச்சமா, கோபமா, அமைதியா என்பதைப் பொறுத்துக் கதை வேறு வேறு வழியில் செல்கிறது.

இத்தகைய படைப்புகளின் முன் ஒருவர் செய்யக்கூடியதை எண்ணிப் பார்க்கலாம். திரையில் ‘கோபம்’ என்று எழுத்து தோன்றுகிறது. அவர் உடனே, ‘நான் கோபமாகவா இருக்கிறேன்?’ என்று தம்மைச் சோதிக்கிறார். பிறகு புருவத்தைத் தளர்த்துகிறார். உதட்டைச் சற்று விரிக்கிறார். எழுத்து ‘மகிழ்ச்சி’ என்று மாறுகிறது. அவருக்கு ஒரு சிறு நிம்மதி!

இதில் ஒரு விந்தை இருக்கிறது. வேதாந்த நூல்களின்படி சுகமும் துக்கமும் ‘சாக்ஷி பாஸ்யம்’. உள்ளிருக்கும் சாட்சிக்கு நேரடியாக விளங்குபவை. பிறருடைய சுகத்தை அறியத்தான் ஏதுவும் அனுமானமும் வேண்டும். தன் சுகத்தை அறிவதற்கு எவருக்கும் கண்ணாடி வேண்டியதில்லை. அந்த அறையில் உள்ள எல்லோரிலும், எல்லாவற்றிலும், அந்த ஒரு செய்தியை நேராக அறிந்தவர் அந்தப் பார்வையாளர் ஒருவரே. அவரோ அதை அறியவே முடியாத ஒன்றினிடம் உறுதி கேட்கிறார். அதன் விடைக்கேற்பத் தம் முகத்தையும் மாற்றிக்கொள்கிறார். ‘என்னைப் பற்றிப் பிறர் என்ன நினைக்கிறார்கள்’ என்ற கவலையில் ஆயுளைக் கழிப்பவர் செய்வதும் இதுவே அல்லவா? அந்தக் கவலையை ஒரு கட்டமாகவும் ஓர் எழுத்தாகவும் கண்ணெதிரே நிறுத்தியது இந்தக் கலைஞர்களின் சாமர்த்தியம்.

கண்காட்சியிலிருந்து வெளியே வந்துவிடலாம். எல்லா இடங்களிலிருந்தும் அப்படி வந்துவிட முடியாது. வேலைக்கு விண்ணப்பிப்பவரின் முகபாவங்களையும் சேர்த்து மதிப்பெண் இடும் நேர்காணல் முறை அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடந்தது. கண்டனங்களுக்குப் பிறகு முன்னணி நிறுவனம் ஒன்று அதைக் கைவிட்டதாக 2021-இல் அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில் லக்னோ காவல்துறை, பெண்களின் முகத்தில் துயரக்குறி தெரிந்தால் காவல் நிலையத்துக்குச் செய்தி அனுப்பும் கேமராக்களைச் சுமார் 200 இடங்களில் அமைக்கும் திட்டத்தை வெளியிட்டது. நோக்கம் பாதுகாப்பு. ஆனால் தேர்வில் தோற்றுவிட்டுத் தெருவில் நடந்து வரும் பெண்ணின் முகம் எப்படி இருக்கும்? அவளுக்குத் தன் துயரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை இல்லையா? 2022-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, பணியிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் இத்தகைய கருவிகளை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது.

கருவியைத் தடை செய்யலாம். கருவி இல்லாத காலத்தில் நடந்த ஒன்றையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1980 ஆகஸ்ட் 17 அன்று இரவு, ஆஸ்திரேலியாவின் உலூரு பாறைக்கு அருகில் முகாமிட்டிருந்த லிண்டி சேம்பர்லைன் என்ற பெண்ணின் இரண்டு மாதக் கைக்குழந்தை கூடாரத்திலிருந்து காணாமற்போனது. டிங்கோ எனப்படும் காட்டு நாய் தூக்கிச் சென்றுவிட்டது என்றாள் தாய். தொலைக்காட்சியில் அவள் முகத்தை நாடே பார்த்தது. அவள் கதறவில்லை; கேள்விகளுக்கு நிதானமாக விடை சொன்னாள். குழந்தையை இழந்த தாயின் முகமா இது என்று மக்கள் பேசத் தொடங்கினர். நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்டது விஞ்ஞானச் சாட்சியம். காரில் குழந்தையின் இரத்தம் இருந்தது என்றார்கள். ஆனால் அதற்கு வெகு முன்பே வீட்டுக்கு வீடு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. 1982-இல் அவளுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1986-இல் குழந்தையின் மேற்சட்டை பாறையின் அருகே கிடைத்தது, அவள் விடுதலையானாள். இரத்தம் என்று சொல்லப்பட்ட சாட்சியமும் தவறு என்று தெரிந்தது. 1988-இல் தண்டனைத் தீர்ப்பு நீக்கப்பட்டது. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி அறிவித்தது 2012-இல். அதாவது, முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து!

அங்கே எந்தக் கணிப்பொறியும் இல்லை. ‘துக்கம் இருந்தால் கண்ணீர் இருக்கும், கண்ணீர் இல்லை, ஆகவே துக்கம் இல்லை’ என்ற அனுமானத்தை மனிதர்களே செய்தார்கள். நெருப்பு இருந்தால் புகை இருந்தே தீர வேண்டும் என்ற அதே பிழை. ஈர விறகைக் குறித்து யாரும் கேட்கவில்லை. துக்கம் சிலரை உறையவைக்கும் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒரு முறையாவது கண்டிருப்பார்கள். தொலைக்காட்சியின் முன் அமர்ந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

குறிப்பறிதல் என்ற பெயரில் திருவள்ளுவர் ஒன்றல்ல, இரண்டு அதிகாரங்கள் செய்தார். ஒன்று அரசவைக்கு, மற்றொன்று காதலர்க்கு. முன்னதில் அறிபவன் பிறரின் உள்ளக் குறிப்பை உணர்ந்து நடக்கும் பொறுப்பு உடையவன். பின்னதில் அறியப்படுபவளே தான் அறியப்படுவதை விரும்புகிறாள். இரண்டிலும் ஓர் உறவு இருக்கிறது. தவறாக அறிந்தால் அறிந்தவனும் அதன் விளைவைச் சுமக்கிறான். லிண்டியின் முகத்தைத் தவறாகப் படித்தவர்கள் எதையும் சுமக்கவில்லை. தீர்ப்பு சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிட்டார்கள்.

எதையும் அளக்காத ஒரு படைப்பும் இருந்தது. 2010 மார்ச் 14 முதல் மே 31 வரை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மரீனா அப்ரமோவிச் என்ற கலைஞர் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார். எதிரில் இன்னொரு நாற்காலி. அதில் யார் வேண்டுமானாலும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வந்து அமரலாம். பேச்சு இல்லை, தொடுதல் இல்லை. தொடக்கத்தில் இடையே இருந்த மேஜையையும் பின்னர் அவர் அகற்றச் செய்தார். எல்லா நாட்களையும் சேர்த்தால் எழுநூறு மணி நேரத்துக்கும் மேல் அவர் அப்படி அமர்ந்திருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிரில் வந்து அமர்ந்தனர். பலர் அழுதனர். ஏன் அழுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கண்ணீருக்குப் பெயர் சூட்டும் எழுத்து எதுவும் எங்கும் தோன்றவில்லை. ஒருவர் எழுந்து சென்றதும் அப்ரமோவிச் தலையைத் தாழ்த்திக் கண்களை மூடிக்கொள்வார். அடுத்தவர் வந்து நாற்காலியில் அமரும் ஓசை அடங்கும். அதன் பிறகு அவர் மெல்ல முகத்தை நிமிர்த்திக் கண்களைத் திறப்பார்.